உறைபனி காத்த நிழற்படங்கள்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். அது புல்நுனியில் தங்கிக் கதிரவன் எழுந்ததும் மறையும் பனி. வட துருவத்தைச் சூழ்ந்த ஆர்க்டிக் கடலின் பனியோ முற்றிலும் வேறு. அங்குக் கடலே இறுகிப் பாறையாய்க் கிடக்கும். அப்பாறையும் நீரோட்டத்தால் ஓயாது நகரும். அப்பாழ்வெளிக்குச் சென்று மீளாத மூவர் விட்டுச்சென்ற நிழற்படங்களை ஒரு நூலில் காண நேர்ந்தது. அவற்றின் வரலாறு மாணவர் அறியத்தக்கது.

சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆன்ட்ரே, ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் வட துருவத்தைக் கடக்க எண்ணினார். பிரெங்கெல், ஸ்டிரிண்ட்பெர்க் என்னும் இளைஞர் இருவர் உடன் சென்றனர். 1897 ஜூலை 11ஆம் நாள் ஸ்பிட்ஸ்பெர்கனை அடுத்த டேன்ஸ் தீவிலிருந்து பலூன் எழுந்தது. அதனைத் திசைதிருப்புவதற்கென அமைத்த இழுவைக் கயிறுகளின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே கழன்று வீழ்ந்தது. வாயுவும் கசிந்தது. மூன்றாம் நாள் பலூன் பனிப்பரப்பில் இறங்கிவிட்டது.

அதன்பின் நடைப்பயணம். சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு அவர்கள் ஒருபுறம் நடக்க, காலடிப் பனி அவர்களை மறுபுறம் சுமந்து சென்றது! அக்டோபர் 5ஆம் நாள் வெண்தீவு எனப் பொருள்படும் குவித்தோயா தீவில் கரையேறினர். அதற்குமேல் 33 ஆண்டுகள் அவர்களைப் பற்றி யாதொரு தகவலும் இல்லை.

1930இல் நார்வே நாட்டினர் சிலர் அத்தீவில் அவர்தம் எச்சங்களைக் கண்டனர். நாட்குறிப்புகளும், ஒளிபட்டும் கழுவப்பெறாத படச்சுருள்களும் அவ்வாண்டிலேயே கிடைத்தன. படச்சுருளில் ஒளி படும்போது வெள்ளி உப்புகளில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சுவடு பதிகிறது. கழுவும்போதுதான் அது உருவமாக வெளிப்படும். வெப்பத்தில் விரைந்து அழியும் அச்சுவடு கடுங்குளிரில் நெடுநாள் தங்கும். மூவரையும் மாய்த்த வெண்தீவே அவர்கள் எடுத்த படங்களைப் பேணி வைத்திருந்தது. ஸ்டாக்ஹோமில் ஹெர்ட்ஸ்பெர்க் என்பார் மிகுந்த பொறுமையுடன் கழுவி, ஏறத்தாழ 240 படங்களுள் 93ஐ மீட்டார்.

அவற்றுள் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தியது. பலூன் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. இருவர் நின்று அதனை நோக்குகின்றனர். எல்லைகாட்ட மரமோ குன்றோ இல்லை. நாட்குறிப்பில் நம்பிக்கை குன்றாத ஆன்ட்ரேயைக் காண்கிறோம். படத்திலோ மனிதன் எவ்வளவு சிறியவன் என்பது தெரிகிறது. சொல்லையே பெரிதெனக் கற்பித்துவரும் எனக்கு இதனை ஒப்புக்கொள்ளச் சற்றுத் தயக்கந்தான்.

வானிலிருந்து நிலப்படம் வரைவதற்கெனக் கொண்டுசென்ற கருவி அது. அதனைக் கையாண்டவர் 24 வயதினரான ஸ்டிரிண்ட்பெர்க். ஆதலால் அப்படத்தில் அவர் இல்லை. மணம் பேசியிருந்த அன்னா சார்லியர் என்னும் பெண்ணுக்குப் பனிமீதிருந்தும் அவர் கடிதம் எழுதிவந்தார்.

மூவரும் மாண்டதன் காரணம் இன்றும் முடிவாகவில்லை. கரடி இறைச்சியிலிருந்த புழுக்களே என 1952இல் டென்மார்க் மருத்துவர் ஒருவர் கருதினார், மறுப்போரும் உளர். முதலில் இறந்தவர் ஸ்டிரிண்ட்பெர்க் எனத் தெரிகிறது. அவர் உடல் பாறை இடுக்கில் கற்களால் மூடப்பட்டிருந்தது. ஏனைய இருவரின் உடல்கள் கூடாரமிருந்த இடத்திலேயே கிடந்தன.