பழைய லேப்டாப் திரையும் சுவரில் விழும் வெளிச்சமும்

பழைய லேப்டாப், அட்டைப்பெட்டி, ஒரு பூதக்கண்ணாடி: இவை போதும், வீட்டிலேயே தியேட்டர் தயார் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இது நடக்குமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். நடக்கும், சுவரில் படம் விழும். ஆனால் வீடியோவில் காட்டுகிற பளிச்சென்ற படம் விழாது. 15.6 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 0.067 சதுர மீட்டர். அதன் பிரகாசம் 220 நிட் என்று வைத்துக்கொண்டால், எல்லாத் திசைகளிலும் சேர்த்து வெளியேறும் ஒளி ஏறக்குறைய 46 லூமென். 10 செ.மீ. அகல லென்ஸை 40 செ.மீ. தள்ளி வைத்தால் அதில் நூற்றில் ஒன்றரைப் பங்குதான் உள்ளே நுழையும், அதாவது 0.7 லூமென். அதை 2 மீட்டர் அகலப் படமாக விரித்தால் சுவருக்குக் கிடைப்பது 0.3 லக்ஸ். தெளிந்த வானத்துப் பௌர்ணமி தரும் வெளிச்சமே அவ்வளவுதான்.

திரை கண்ணுக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்று கேட்கலாம். தெரிகிறது; ஆனால் ஒளி போகும் திசை நமக்கு உதவாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் படம் தெரியவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி நாலாபக்கமும் சிதறும்படி செய்திருக்கிறார்கள். பூவாளியால் பாட்டிலை நிரப்பப் பார்ப்பது மாதிரி இது. பாட்டில் தள்ளி நிற்கிறது. பூவாளியின் நூறு துளைகளும் நூறு பக்கம் பீய்ச்சுகின்றன. வாய்க்குள் விழுவது நாலு சொட்டு. பெரிய புனல் வைக்கலாமே என்றால், வைக்கலாம்: 25 செ.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட ஆறு மடங்கு ஒளியைப் பிடிக்கும். ஆனால் அந்த அகலத்தில் ஒற்றைக் கண்ணாடி படத்தின் ஓரங்களை மங்கடித்துவிடும், எழுத்துகளைச் சுற்றி நிறம் பிரியும். நல்ல வழி, பூவாளியின் ஒவ்வொரு துளையையும் பாட்டிலின் வாயைப் பார்த்து வளைத்துவிடுவது. ஆகாத வேலையாகத் தோன்றும் இதை இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் செய்து காட்டுகின்றன.

அதற்கு முதலில் பேக்லைட்டைக் கழற்றவேண்டும். திரையின் முதுகைத் திறந்தால் வெள்ளைப் பிரதிபலிப்புத் தாள், தடித்த அக்ரிலிக் தகடு, பால்நிற மெல்லிய தாள்கள் என்று அடுக்கடுக்காக வரும். எல்லாம் போக மிஞ்சுவது ஒளி ஊடுருவும் கருஞ்சாம்பல் கண்ணாடிப் பேனல். விளிம்பில் மடங்கிக் கிடக்கும் சர்க்யூட் பலகையை ஒளியின் வழியிலிருந்து நிமிர்த்தும்போது, அதைக் கண்ணாடியோடு சேர்க்கும் மெல்லிய ரிப்பன் ஒன்று கிழிந்தாலும் படத்தில் நிரந்தரமாகக் கோடு விழுந்துவிடும். பேனலுக்குப் பின்னால் இனி நிற்கப்போவது, சில செ.மீ. அகலமே உள்ள 100 வாட் எல்.இ.டி. பேனலின் இருபுறமும் ஒவ்வொரு ஃப்ரெனல் லென்ஸ். லென்ஸில் வேலை செய்வது வளைந்த மேற்பரப்புதான், உள்ளே இருக்கும் கண்ணாடி வெறும் சுமை. அந்தச் சுமையை நீக்கி, வளைவை மட்டும் வட்ட வரிகளாகத் தகட்டில் கீறியதே ஃப்ரெனல். நகத்தால் தடவினால் வரிகள் தட்டுப்படும். ஒவ்வொரு வரியின் சாய்வும் அடுத்ததிலிருந்து இம்மியளவு மாறும். பின்தகடு விளக்கின் விரிகதிர்களை இணையாக்கிப் பேனலுக்குள் அனுப்ப, முன்தகடு அவற்றை முகப்பு லென்ஸை நோக்கிச் சாய்க்கிறது. மூலைப் பிக்ஸல் வழியாக வரும் கதிரும் நடுப் பிக்ஸல் வழியாக வரும் கதிரும் ஒரே வாசலுக்குப் போய்ச் சேர்கின்றன. இதில் என்னை மயக்குவது வேறொன்று: விளக்கின் பிம்பம் லென்ஸுக்குள்ளேயே விழுந்து முடிந்துவிடுகிறது, சுவரில் தெளிவது பேனலின் பிம்பம் மட்டும். அதனால்தான் விளக்கின் உருவம் படத்தில் தெரிவதில்லை.

வரலாறு இங்கே சுருக்கமாகப் போதும். புரொஜெக்டரின் மூதாதையான மாய விளக்கு 1659 வாக்கில் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் கையில் பிறந்தது. ஃப்ரெனலின் லென்ஸ் 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறியது.

பலன் என்ன? அந்த எல்.இ.டி. 10,000 லூமென் தருவதாக வைத்துக்கொள்வோம். பின்தகடு மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கும். பேனலில் உள்ள போலரைசர் அதில் பாதியை விழுங்கும், மீதியில் பெரும்பகுதியை நிற வடிகட்டிகள் விழுங்கும். கடைசியில் பேனலைத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து. முகப்பு லென்ஸின் இழப்பையும் கழித்தால் 130 லூமெனைப் போல மிஞ்சும். அதே 2 மீட்டர் படத்தில் இது சுமார் 60 லக்ஸ், பெட்டி வித்தையைப் போல 200 மடங்கு. வெள்ளைச் சுவர் அதைக் கண்ணுக்குத் திருப்பித் தரும்போது, டிஜிட்டல் திரையரங்குக்கு வகுத்த 48 நிட் பிரகாசத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. கதவு ஜன்னல் சாத்திய அறையில் படம் பார்க்க இது தாராளம். பேனல் விழுங்கிய ஒளி அத்தனையும் வெப்பமாகும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. சூடு எல்லை மீறினால் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து படத்தில் திட்டு விழும். ஆறினால் அது சரியாகிவிடும், கருகிய போலரைசர் சரியாகாது. எனவே தகட்டுக்கும் பேனலுக்கும் நடுவே விசிறிக் காற்று ஓடியே ஆகவேண்டும். மிகப் பழைய லேப்டாப்பானால் பேக்லைட் குழாயில் பாதரசம் உண்டு, உடைக்காமல் எடுக்கவேண்டும்.

இத்தனை பாட்டுக்கு மலிவான புரொஜெக்டர் ஒன்றை வாங்கிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. அவற்றில் பலவற்றின் உள்ளேயும் இருப்பது இதே ஏற்பாடுதான்: ஒரு சிறு எல்.சி.டி. பேனல், ஒரு எல்.இ.டி., ஃப்ரெனல் தகடுகள். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென் அச்சிட்டிருந்தால் அது விளக்கின் கணக்கா சுவரின் கணக்கா என்று கேளுங்கள். சுவரின் கணக்கை அளக்கும் ஆன்சி முறையில் வெள்ளைப் படத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் லக்ஸ் அளந்து, சராசரியைப் படத்தின் பரப்பால் பெருக்குவார்கள். வீட்டில் செய்த கருவிக்கும் கடையில் வாங்கியதற்கும் இந்த ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகு விலையைப் பேசலாம்.