காசு கட்டிய நாளா, நம்பர் கிடைத்த நாளா?

உங்கள் வீட்டில் ஒரு புதுக் காருக்கு ஓர்டர் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், சகோதரியே. சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு கொஞ்சம், உங்கள் காப்புச் சோடி ஒன்று அடகில், மீதி லீசிங். முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டை அலுமாரியில் புடைவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டீர்கள். பிள்ளைகள் வண்டியின் நிறத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி அந்தக் கார் உங்களுடையதுதானே?

இல்லை. அரசாங்கப் பதிவேட்டில் அதற்கு ஓர் இலக்கம் விழும் வரை அது ரோட்டில் ஓட உரிமையில்லாத இரும்புதான். ஓர்டர் கொடுத்த நாளுக்கும் இலக்கம் கிடைக்கும் நாளுக்கும் இடையில் வாரங்கள் போகலாம், மாதங்களும் போகலாம். அந்த இடைவெளிக்குள் வாகனப் புகை பற்றிய சட்டம் மாறிவிட்டால் என்ன நடக்கும்?

இப்படியொரு சங்கடம் நமது பக்கத்து நாடான இந்தியாவில் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு வந்தது. நம் நாட்டில் 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்து வருடம் காத்திருந்த பலர் அதன் பின் முற்பணம் கட்டினார்கள். ஆகவே அயல் வீட்டுக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுவைப்பது நமக்கும் நல்லது.

இந்தியாவில் வாகனப் புகைக்கான விதிகளை 'பாரத் ஸ்டேஜ்' என்பார்கள். பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று அவை ஏறிக்கொண்டே வந்தன. நாலாம் படியிலிருந்து ஐந்தாம் படியைத் தாண்டி ஒரேயடியாக ஆறுக்குப் போவது என்று 2016 இல் முடிவு செய்தார்கள். இது சின்னப் பாய்ச்சல் அல்ல. ஒரு டீசல் கார் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது 25 மில்லிகிராம் வரை கரித்தூள் விடலாம் என்றிருந்தது நாலரை மில்லிகிராமாகக் குறைந்தது. நைதரசன் ஒட்சைட்டு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. எண்ணெயில் இருக்கக்கூடிய கந்தகமும் பத்து இலட்சத்தில் 50 பங்கு என்றிருந்தது 10 பங்காயிற்று. பழைய எஞ்சினில் ஒரு குழாயை மாற்றிப் பூட்டி இதைச் சாதிக்க முடியாது. புகையை வடிக்கும் புதுக் கருவிகள் வேண்டும், அதற்குக் காசும் வேண்டும். நாட்டின் மிகப் பெரிய கார்க் கம்பெனியான மாருதி சுசூக்கி 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதையே விட்டுவிட்டது.

விதி நல்ல விதிதான். கரித்தூள் மூச்சோடு போய்ச் சேரும் இடம் நம் பிள்ளைகளின் நெஞ்சு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. என் கேள்வி வேறு. புது விதி ஒரு குறிப்பிட்ட தேதியில் தொடங்குகிறது என்றால், பழைய காரின் எந்த நாளை வைத்து அதைப் பிடிப்பது?

ஒரு காரின் வாழ்க்கையில் பல நாட்கள் உண்டு. தொழிற்சாலையில் செய்து முடித்த நாள், நீங்கள் ஓர்டர் கொடுத்த நாள், விலைச்சீட்டு எழுதிய நாள், தற்காலிக இலக்கம் கிடைத்த நாள், நிரந்தரப் பதிவு நடந்த நாள். இந்தியாவில் பத்தே வருடத்துக்குள் சட்டம் இதில் மூன்று தடவை இடம் மாறிவிட்டது.

2010 இல் மூன்றாம் படி நாடு முழுவதும் வந்தபோது, செய்து முடித்த நாளையே பார்த்தார்கள். தேதிக்குப் பிறகு பழைய மாதிரி வண்டியைச் செய்யக் கூடாது, ஆனால் ஏற்கெனவே செய்ததை விற்றுத் தீர்க்கலாம். கம்பெனிக்காரர் இதற்குப் பழகிப்போனார்கள்.

2017 ஏப்ரல் முதலாம் தேதி நாலாம் படி நாடெங்கும் வரவிருந்தது. இந்த முறையும் அப்படித்தான் என்று எல்லோரும் அசட்டையாக இருந்தார்கள். மார்ச் 29 ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் (நம் நாட்டில் உயர் நீதிமன்றம் என்கிறோமே, அதுதான்) ஒரு தீர்ப்புச் சொன்னது. ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து மூன்றாம் படி வண்டிகளை விற்கவும் கூடாது, பதியவும் கூடாது. மார்ச் 31 க்குள் விற்றதற்கு அத்தாட்சி இருந்தால் மட்டும் பிறகு பதியலாம். கைவசம் மிஞ்சியிருந்தது இரண்டே நாள். விற்காமல் கிடந்தவையோ எட்டு இலட்சத்துக்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும். அந்த இரண்டு நாளும் விற்பனை நிலையங்கள் பெருநாளைக்கு முந்திய இரவு புடைவைக் கடை மாதிரி நிரம்பி வழிந்தன. ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்துத் தள்ளினார்கள். விலைச்சீட்டில் மார்ச் 31 அல்லது அதற்கு முந்திய தேதி விழுந்தவர்கள் தப்பினார்கள். ஆகவே அந்த முறை விற்ற நாள்தான் கணக்கு.

அடுத்ததுதான் பெரிய அடி. 2018 ஒக்டோபர் 24 ஆம் தேதி அதே நீதிமன்றம், 2020 ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்து நாலாம் படி வண்டி ஒன்றையும் விற்கவோ பதியவோ கூடாது என்றது. மிஞ்சியதை விற்க மேலும் சில மாதம் தாருங்கள் என்று கம்பெனிகள் மன்றாடின, மத்திய அரசும் அவர்கள் பக்கம் நின்றது. நீதிமன்றம் அசையவில்லை. மக்களின் சுகத்தைக் கம்பெனிகளின் வியாபாரத்தோடு ஒரே தராசில் வைக்க முடியாது என்பதே அதன் நிலைப்பாடு. விற்ற நாள் போதாது, பதிவும் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் புதிது. ஒரு வருடமும் ஐந்து மாதமும் முன்னதாகவே சொல்லியாயிற்று. அதில் அநியாயம் என்று எதையும் என்னால் காண முடியவில்லை.

ஆனால் 2020 மார்ச் மாதம் என்ன மாதம் என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

சென்னையில் ஒரு குடும்பம் மார்ச் நடுப்பகுதியில் நாலாம் படிக் கார் ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்காசும் கட்டியாகிவிட்டது. விற்பனைச் சான்று, இந்த வண்டி இன்ன புகை விதிக்கு உட்பட்டது என்று கம்பெனி தரும் சான்று, காப்புறுதி, விண்ணப்பம் எல்லாம் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். "அடுத்த கிழமை நம்பர் வந்துவிடும்" என்கிறார் விற்பனையாளர். மார்ச் 25 ஆம் தேதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு. அலுவலகம் பூட்டு. தேதி மட்டும் நிற்காமல் நகர்கிறது. ஏப்ரல் முதலாம் தேதி காலையில் அந்தக் கார் வாசலில் நிற்கிறது, இலக்கம் இல்லை, இனிக் கிடைக்குமா என்று சொல்ல ஆளும் இல்லை. தவணை கட்டும் நாள் மட்டும் தவறாமல் வருகிறது.

மார்ச் 27 ஆம் தேதி நீதிமன்றம் கொஞ்சம் இளகியது. டில்லியும் அதைச் சுற்றிய பகுதியும் தவிர்ந்த இடங்களில், மிஞ்சியிருந்த வண்டிகளில் பத்து வீதத்தை, ஊரடங்கு நீங்கிய பின் பத்து நாளுக்குள் விற்கலாம் என்றது. கொடுத்த சலுகையை என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரடங்கு நடக்கும்போதே, அனுமதித்ததை விட மிக அதிகமான வண்டிகளை விற்றுத் தள்ளினார்கள். நீதிபதிகளுக்குக் கோபம் வந்தது. ஜூலை 8 ஆம் தேதி அந்தச் சலுகையை மீளப் பெற்றார்கள், மார்ச் 31 க்குப் பிறகு விற்ற வண்டிகளைப் பதியக் கூடாது என்றார்கள். ஜூலை 31 ஆம் தேதி, மறு உத்தரவு வரும் வரை நாலாம் படி வண்டி எதையும் பதிய வேண்டாம் என்றார்கள்.

இதில் யார் பிழை செய்தார்? விற்றவர். யார் வீட்டில் தூக்கம் போயிற்று? வாங்கியவர் வீட்டில். நேர்மையாக மார்ச் மாதத்திலேயே காசு கட்டியவர்களும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து தவித்தார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

ஓகஸ்ட் 13 ஆம் தேதி ஒரு வழி பிறந்தது. ஊரடங்குக்கு முன் விற்கப்பட்டு, அந்த விற்பனை விபரம் 'வாகன்' எனப்படும் அரசாங்கக் கணினிப் பதிவேட்டில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தால் அவற்றைப் பதியலாம் என்று நீதிமன்றம் சொன்னது. டில்லிப் பகுதிக்கு அந்தச் சலுகையும் இல்லை. பாருங்கள், கடைசியில் ஒருவரைக் காப்பாற்றியது அவர் கையிலிருந்த பற்றுச்சீட்டு மட்டும் அல்ல. விற்பனை நிலையத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பிள்ளை அந்த விபரத்தை உரிய நாளில் கணினியில் ஏற்றினாரா இல்லையா என்பது. வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே பதிந்து ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளை இந்தத் தேதி தொடவில்லை. நம் நாட்டில் 2008 முதல் வருடா வருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எடுத்துத்தான் வருமான அனுமதிப் பத்திரம் வாங்குகிறோம். அது ஓடும் வண்டிக்கான விதி. நாம் பேசுவது புது வண்டி பதிவேட்டுக்குள் நுழையும் வாசலைப் பற்றி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆகவே உங்கள் வீட்டுக்காரரோ மகனோ ஓர்டர் கொடுக்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். நிறமும் சீற்றுத் துணியும் பார்ப்பதற்கு முன், வண்டி எந்தப் புகை விதிக்கு உட்பட்டது என்பதைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த விதி எப்போதாவது மாற இருக்கிறதா, மாறினால் பார்க்கப்படுவது விற்ற நாளையா பதிந்த நாளையா என்று கேளுங்கள். பதிவு செய்து தருவது யார் பொறுப்பு, இன்ன தேதிக்குள் முடியாவிட்டால் காசு திரும்புமா என்பதும் அந்தச் சீட்டிலேயே இருக்கட்டும். "மிச்சம் ரெண்டே வண்டிதான், இன்றைக்கே கட்டினால் பெரிய கழிவு" என்று அவசரப்படுத்தினால், ஏன் இவ்வளவு அவசரம் என்று திருப்பிக் கேளுங்கள். இந்தியாவில் அந்தப் பெரிய கழிவுகள் எல்லாம் மார்ச் மாதக் கடைசியில்தான் வந்தன.