பிரனீஸ் மலையில் பிறந்து பாகூர் மண்ணைப் படித்த வரைபடம்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் லூர்து என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு இருக்காது. மாதா கோயில் திருவிழா என்றால் சாதி, மதம் பார்க்காமல் சுற்று வட்டாரமே கூடும். கோயிலுக்கு எதிரே, சிவன் கோயில்களில் இருப்பது போலப் படிகள் இறங்கும் குளம்கூட உண்டு. அந்தப் பெயருக்கு உரிய ஊர் பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 1858-இல் நிகழ்ந்ததாக நம்பப்படும் மாதா காட்சியின் நினைவாக இங்கே கோயில் எழுந்த கதை பலருக்கும் தெரியும். அதே மலையிலிருந்து இன்னொன்றும் புதுச்சேரிக்கு வந்தது. அது வரைபடம் வரையும் ஒரு முறை. வில்லியனூர், பாகூர் நிலத்தில் ஒரு காலத்தில் என்ன வளர்ந்தது, இனியும் என்ன வளரக்கூடும் என்பதைச் சொல்லித் தந்தது அந்த முறைதான்.

லூர்திலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் நிலம் 3,300 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. ஸ்பெயின் எல்லைக்குள் நிற்கும் பெர்திதோ சிகரம் அது. நம் பக்கம் வில்லியனூரிலிருந்து மேற்கே விழுப்புரம் வரை போனாலும் ஏற்றம் சில பத்து மீட்டர்தான். இப்படிச் செங்குத்தாக எழும் மலையைத் தட்டையான தாளில் எப்படிக் காட்டுவது என்பது ஐரோப்பிய வரைபடக்காரர்களை நெடுங்காலம் படுத்திய கேள்வி.

18-ஆம் நூற்றாண்டில் காசினி குடும்பத்தார் 1:86,400 அளவையில் பிரான்ஸ் முழுவதையும் வரைந்தார்கள். ஊர்களும் கோபுரங்களும் ஆறுகளும் முக்கோண அளவையால் மிகத் திருத்தமாக அமைந்தன. மலைகள்தாம் அலங்காரம் போல ஆயின. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராணுவம் வரைந்த 1:80,000 வரைபடத்தில், சரிவு இறங்கும் திசையில் மெல்லிய சிறு கோடுகளை நெருக்கமாக இழுத்தார்கள். சரிவு கடுமையாக ஆக ஆகக் கோடுகள் தடித்து இருளும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்தப் புள்ளி அந்தப் புள்ளியைவிட எத்தனை மீட்டர் உயரம் என்று கேட்டால் அந்தக் கோடுகளிடம் பதில் கிடையாது.

அந்தப் பதிலைத் தேடிப் போனவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஃபிரான்ஸ் ஷ்ராடர். 1844-இல் போர்தோவில் பிறந்தவர். தானாகவே படித்து வரைபடக்கலையைக் கற்றுக்கொண்டவர். 1873-இல் மலைமுகடுகளை வரைவதற்கென்றே ஒரு கருவியைச் செய்தார். நடுவில் தொலைநோக்கி, கீழே வட்டத் தாள், இரண்டையும் இணைக்கும் பென்சில். தொலைநோக்கியைச் சுழற்றி எதிரே தெரியும் முகடுகளின் விளிம்பைக் கண்ணால் பின்தொடர்ந்தால், பென்சில் அதையே தாளில் வட்டமாக வரைந்துகொண்டு போகும். ஒரே சிகரத்தைப் பல இடங்களிலிருந்து இப்படி வரைந்து, திசைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்டால் அதன் இருப்பிடமும் உயரமும் கிடைத்துவிடும். 1874-இல் பெர்திதோ, கவர்னி பகுதிகளின் வரைபடத்தை 1:40,000 அளவையில் வெளியிட்டார். பிறகு நடுப் பிரனீஸ் முழுவதையும் 1:100,000 அளவையில் ஆறு தாள்களாகக் கொண்டுவந்தார். பிரெஞ்சு ராணுவ வரைபடம் எல்லையோடு நின்றுவிட, ஷ்ராடரோ எல்லைக்கு அப்பால் ஸ்பெயின் பக்கம் கிடந்த மலைக்காட்டையும் நடந்தே அளந்தார்.

மலையின் உயரம் சரியாகத் தெரிந்த பிறகுதான் அதில் வளர்வதைப் பற்றிச் சரியாகப் பேச முடியும். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறைகிறது. லூர்திலிருந்து பெர்திதோ உச்சிக்கு ஏறும்போது 17 டிகிரி போல இறங்கிவிடும். அடிவாரத்தில் ஓக், அதற்கு மேல் பீச், ஃபர், அதற்கும் மேல் குளிரைத் தாங்கும் மலைப் பைன், பிறகு புல்வெளி, கடைசியில் வெறும் பாறை. ரமோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 18-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே பிரனீஸில் ஏறி இந்த அடுக்குகளைக் கவனித்து எழுதினார். அதே மலையின் கிழக்குப் பாதியின் தாவரங்களைப் பற்றி 1926-இல் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டவர் ஆன்ரி கோசன். 1891-இல் பிறந்தவர், துலூஸ் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர். நம் கதைக்குள் வருகிறவர் இவரே.

கோசனின் எண்ணம் எளிமையானது, ஆழமானது. தாவர வரைபடத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் மனம்போன நிறம் கொடுக்கக் கூடாது. நிறமே அந்த இடத்தின் தட்பவெப்பத்தைச் சொல்ல வேண்டும். வெப்பம் கூடினால் சிவப்பு. வறட்சிக்கு மஞ்சள். ஈரத்துக்கு நீலம். இவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலக்கும்போது, சூடும் வறட்சியும் சேர்ந்த இடம் தானாகவே ஆரஞ்சாகிவிடும். ஈரமான பீச் காடு நீலமாக நிற்கும். குறிப்புப் பட்டியலைப் பார்க்காமலேயே, தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறவருக்குக்கூட எங்கே காய்கிறது, எங்கே நனைகிறது என்று புரிந்துவிடும். காடு அடர்ந்த இடத்தில் நிறம் முழுமையாக இருக்கும். அதே காடு வெட்டப்பட்டுப் புதராகச் சுருங்கியிருந்தால் நிறம் மாறாது, மெலிந்து மட்டும் காணப்படும். அதாவது புதரைப் பார்க்கும்போதே, அது எந்தக் காட்டின் மிச்சம் என்பதையும் வரைபடம் சொல்லிவிடும். தாவர வரைபடங்களில் இதைவிட நேர்மையான முறையை நான் பார்த்ததில்லை.

இந்த முறை நம் ஊருக்கு வந்த வழியில் அரசியலும் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு தெரிவித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி பிரான்சிடமிருந்து கைமாறியது. அடுத்த ஆண்டு, 1955-இல், புதுச்சேரிக் கடற்கரையோரம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தியவியல் ஒரு பக்கம், தாவரவியலும் சூழலியலும் இன்னொரு பக்கம். கோசனின் வழிகாட்டுதலில் பியேர் லெக்ரி, வியார், பிறகு மெஹர்-ஹோம்ஜி போன்றோர் இந்தியத் தீபகற்பத்தின் தாவர வரைபடத்தை 1:10,00,000 அளவையில் தயாரிக்கத் தொடங்கினார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் கைகொடுத்தது. கன்னியாகுமரித் தாள் 1961-இல் வந்தது. சென்னைத் தாளும் மற்றவையும் தொடர்ந்தன.

இங்கேதான் சிக்கல். பிரனீஸில் தாவரங்களைப் பிரித்து அடுக்கியது உயரம். பாகூரில் உயரம் என்று சொல்ல ஏதுமில்லை. பாகூர் வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியும் பெரிய மேடு ஏரிக்கரைதான். பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர், நிலத்தின் மிக மெல்லிய சரிவை நம்பியே பாகூர் ஏரிக்குள் இறங்குகிறது. விவசாயிக்கு அந்தச் சரிவு உயிர். மரத்துக்கு அதனால் பெரிய வேறுபாடில்லை. சம உயரக் கோடுகளை எத்தனை திருத்தமாக வரைந்தாலும், இங்கே எந்த மரம் ஏன் நிற்கிறது என்று அவை சொல்லாது.

அதற்கான விடையைக் கோசன் ஏற்கெனவே வைத்திருந்தார். 1953-இல் பாஞூல் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு கணக்கை முன்வைத்தார். ஒரு மாதத்தின் மழையை மில்லிமீட்டரிலும், சராசரி வெப்பத்தைச் செல்சியஸிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மழையின் எண், வெப்பத்தின் எண்ணைப் போல இரு மடங்குக்கும் குறைவாக இருந்தால் அது வறண்ட மாதம். அவ்வளவுதான். புதுச்சேரியில் ஏப்ரல் மாதச் சராசரி வெப்பம் 30 டிகிரி என்று வைத்தால் 60 மில்லிமீட்டர் மழை வேண்டும்; கிடைப்பது அதில் பாதியைக்கூட எட்டாது. நவம்பரில் 26 டிகிரி. 52 மில்லிமீட்டர் போதும். பெய்வதோ முந்நூறுக்கு மேல். பன்னிரண்டு மாதங்களுக்கும் இப்படி மழைக்கு ஒன்றும், இரட்டித்த வெப்பத்துக்கு ஒன்றுமாக இரண்டு கோடுகளை வரைந்தால், வெப்பக் கோடு மழைக் கோட்டுக்கு மேலே ஏறும் காலம் வறட்சி, மழைக் கோடு மேலே தாவும் காலம் ஈரம். உலகெங்கும் சூழலியல் பாடநூல்களில் இன்றும் இருக்கும் படம் இது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே தங்கள் ஊர் மழைக்கணக்கை வைத்து ஒரு மதிய நேரத்தில் வரைந்துவிடலாம்.

இந்தக் கணக்குப்படி புதுச்சேரிப் பக்கம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்தாறு மாதங்கள் வறண்டவை. அவ்வளவு நீண்ட வறட்சி இருந்தால் மரங்கள் இலையுதிர்க்க வேண்டும் என்பது பொது விதி. தேக்குக் காடுகள் அப்படித்தான் செய்கின்றன. சோழமண்டலக் கரையின் இயற்கைக் காடோ பச்சை மாறாதது. 1936-இலேயே வனத்துறை அறிஞர் சாம்பியன் இதை உலர் பசுமைமாறாக் காடு என்று தனியாகப் பிரித்து வைத்தார். பெயரிலேயே முரண்பாடு இருப்பதுபோலத் தோன்றும். காரணம் மழையின் அளவில் இல்லை, அது வரும் பருவத்தில் இருக்கிறது. மழை இங்கே வடகிழக்குப் பருவத்தில், வெயில் தணிந்த மாதங்களில் கொட்டுகிறது. அதனால் ஆவியாகிப் போவது குறைவு. பின்னால் வரும் தை, மாசியில் பனி இறங்குகிறது. கோடையிலும் கடற்காற்று ஈரத்தோடு வருகிறது. ஆவணி, புரட்டாசியிலும் இடைமழை உண்டு. காட்டுக்கு வறட்சி இருக்கிறது, ஆனால் முழுப் பட்டினி இல்லை.

கோயில் காடு ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் இது உடனே தெரியும். காலாப்பட்டுக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இந்த வகையில் பலரும் அறிந்தது. மரங்கள் உயரமில்லை, பெரும்பாலும் பத்து மீட்டர் அளவுக்குள் நின்றுவிடும். இலைகளைத் தொட்டால் தோல்போலத் தடிப்பாக, மேற்புறம் பளபளப்பாக இருக்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கான இலைகள் அவை. காயா மரத்தின் கிளைகளை ஒட்டி, இலைக்காம்பின் அடியிலேயே நீலப்பூக்கள் கொத்தாக அப்பியிருக்கும். பாலை, வீரை, கருங்காலி, நாவல், காட்டு எலுமிச்சை எல்லாம் நெருங்கி நின்று, மேலே கொடிகள் பின்னிப் பிணைந்து, நண்பகலிலும் தரையில் வெயில் காசு காசாகத்தான் விழும். வறண்டு சீரழிந்த இடங்களில் பொரசும் துரிஞ்சியும் மட்டும் தங்கி நிற்கும். வில்லியனூர், பாகூர் கிராமங்களிலும் அய்யனார், அம்மன் கோயில்களைச் சுற்றி இத்தகைய திட்டுகள் எஞ்சியிருக்கின்றன. மண்குதிரைகளுக்குப் பின்னால் நிற்கும் அந்த மரங்களில் கைவைக்க ஊரார் தயங்கியதால் எஞ்சியவை.

பாகூரில் மனிதர்கள் நிலத்தை அளந்து எல்லை வகுப்பது பழைய வேலை. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாகக் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கல்லூரி நடத்தும் அளவுக்கு அப்போதே இங்கே வேளாண்மை செழித்திருந்தது என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உழுத நிலத்தில் காட்டைத் தேடுவது வீண் என்று யாரும் நினைக்கலாம். 1961-இல் வரைபடம் போட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. எஞ்சிய திட்டுகள், மழைக்கணக்கு, மண் மூன்றையும் வைத்து, உழவும் ஆடுமாடும் விறகுவெட்டும் விலகினால் நிலம் எதை நோக்கித் திரும்பும் என்பதையும் காட்ட முயன்றார்கள். தாளின் ஓரத்தில் மண், பாறை, தட்பவெப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிறு படங்கள் இருப்பது அதற்காகத்தான்.

அந்த அறிவு வீண்போகவில்லை. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில், மழைநீர் அரித்துப் பள்ளம் பறித்த செம்மண் மேட்டில், முதலில் சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, பிறகு அதன் அடியில் இந்த உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை வளர்த்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் 1980-களில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் திரும்பியது. பஸ்கல் என்பவர் தலைமையில் 1:2,50,000 அளவையில் காட்டு வரைபடங்கள் வெளியாயின. அங்கே உயரத்துக்கு மறுபடி வேலை வந்தது. கூடவே வறண்ட மாதங்களின் எண்ணிக்கையும் வந்தது. மலையில் கற்றதும் சமவெளியில் கற்றதும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

நமக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 1:10,00,000 அளவையில் ஒரு கிலோமீட்டர் ஒரு மில்லிமீட்டர். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே தாளில் ஒன்றரைச் சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு ஹெக்டேர் கோயில் காடு என்பது நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். தாளில் பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர். பேனா முனையின் புள்ளியைவிடச் சிறியது. அதனால் அந்தத் திட்டுகள் எதுவும் அந்தப் பெரிய வரைபடத்தில் தென்படாது. 1:10,000 அளவையில் வரைந்தால் அதே காடு ஒரு சென்டிமீட்டர் சதுரமாகிவிடும்; உள்ளே எந்த மரம் எங்கே நிற்கிறது என்று குறிக்க இடமும் கிடைக்கும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் அப்படி ஒரு தாளைப் போட வேண்டும். கோயில் காடுகளின் எல்லை, காயாவும் வீரையும் பாலையும் காய்க்கும் தாய்மரங்கள், ஒவ்வொன்றிலும் விதை விழும் மாதம், பக்கத்து ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் கன்று நடக்கூடிய காலி இடம் என எல்லாவற்றையும் அதில் குறிக்கலாம். அய்யனார் கோயில் பூசாரியும் அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவரும் கூட வந்தால் கணக்கெடுப்பு எளிதாக முடியும்.