ஆடுகிற கையும் மாட்டாத பொத்தானும்

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டுகிறது. ஏழு வயதுப் பையன் ஒருவன் நாற்காலியை விட்டு எழுந்து, நுனிக்காலில் நின்று, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிப் படபடவென்று உதறுகிறான். அட்சதை போட வந்தவர்கள் மணமேடையை விட்டுவிட்டு அவனைப் பார்க்கிறார்கள். அம்மா அவன் கைகளைப் பிடித்து மடியில் அமுக்குகிறாள். “கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா கண்ணா.” அன்று காலை அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும், ஷூ லேஸ் கட்டிவிட்டதும், இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டதும் அதே அம்மாதான். அதை யாரும் பார்க்கவில்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் உடலைப் பற்றிப் பேச்சு வந்தால், அது ஆடுகிற கையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எப்போது நிறுத்துவான், எப்படி நிறுத்துவது, எந்த தெரபிஸ்ட் நிறுத்தித் தருவார்? பொத்தானோடு மல்லுக்கட்டுகிற கை அந்தப் பேச்சில் வருவதே இல்லை. வந்தாலும் வேறு பெயரில் வரும்: சோம்பேறி, செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை, எழுத மனசில்லாதவன். நாம் கவலையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். ஆடுகிற கை பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. பொத்தான் மாட்டாத கைதான் வளர்ந்த மனிதனையும் இன்னொருவரை எதிர்பார்த்து நிற்க வைக்கிறது.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, நின்ற இடத்தில் சுற்றுவது, ஓடும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பது, ஒரு விளம்பர வரியை நாள் முழுக்க முணுமுணுப்பது, அம்மாவின் புடவைத் தலைப்பை விரலிடுக்கில் தேய்ப்பது என்று திரும்பத் திரும்பச் செய்வதையெல்லாம் ஸ்டிம்மிங் என்கிறார்கள். உடல் ஒருங்கிணைப்பு வேறு. பந்தைப் பிடிப்பது, படி இறங்குவது, கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டுவது, ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் சில்லறை எடுப்பது எல்லாம் அதில் சேரும். இரண்டும் ஒரே உடலில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர்கள் குறைவு.

அப்படிப் பார்த்தவர்களில் முன்னோடி, மாஸ்கோவில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் க்ரூன்யா சுகாரெவா. 1925இல் ஆறு சிறுவர்களைப் பற்றி ரஷ்ய மொழியில் எழுதினார். அடுத்த ஆண்டு அது ஜெர்மனிலும் வந்தது. இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. பிள்ளைகளின் பேச்சையும் பழக்கங்களையும் விவரித்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. உடல் தடுமாற்றம், வெடுக்கென்று வரும் அசைவு, ஒரு வேலையைச் செய்யும்போது தேவையில்லாமல் கூடவே கிளம்பும் உபரி அசைவுகள் என்று அனைத்தையும் குறித்துவைத்தார். 1996இல் மனநல மருத்துவர் சூலா உல்ஃப் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகுதான் மேற்குலகில் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

அதற்குள் லியோ கானரின் கட்டுரை வேரூன்றிவிட்டது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த கானர், 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். தலையை ஆட்டுவதும் பொருள்களைச் சுழற்றுவதும் அதில் விரிவாக உண்டு. நடையிலும் பெரிய அசைவுகளிலும் சிலர் கொஞ்சம் தடுமாறுகிறார்கள், ஆனால் விரல் வேலையில் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரியின் நிழல் மிக நீளமானது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பிலும், திரும்பத் திரும்ப வரும் அசைவுதான் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக இருக்கிறது. உடல் தடுமாற்றத்துக்குத் துணைக்குறிப்பில்தான் இடம்.

நம் நாட்டிலும் இதே கதைதான். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக ஆட்டிசத்தை மதிப்பிட ‘ஐ.எஸ்.ஏ.ஏ.’ என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், ஆறு பிரிவுகள். சமூக உறவு, உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலன், அறிவாற்றல் என்று பிரிவுகள் போகின்றன. கையை ஆட்டினால் அதற்கு மதிப்பெண் உண்டு. உடல் ஒருங்கிணைப்புக்கு என்று ஒரு பிரிவு கிடையாது. கேட்காத கேள்விக்கு எந்த அம்மா பதில் சொல்வாள்?

சட்டைப் பொத்தானைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இடது கை துளை இருக்கும் பக்கத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைச் சாய்த்து, துளையின் ஓரத்தில் செருக வேண்டும். பொத்தான் பாதி நுழைந்ததும் இரண்டு கைகளும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. இடது கை பொத்தானை வாங்கி இழுக்கிறது, வலது கை துணியைத் தள்ளிவிடுகிறது. கழுத்துப் பொத்தான் என்றால் இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்க வேண்டும். துணியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம், விரல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மூட்டுகளும் தசைகளும் உள்ளிருந்து அனுப்பும் செய்தியை நம்பியே நாம் இதைச் செய்கிறோம். நமக்கு இரண்டு விநாடி. இவ்வளவையும் ஒருங்கிணைக்கத் திணறுகிற பிள்ளைக்கு, பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஆறு பொத்தான் என்பது ஒரு பரீட்சை.

இப்படித் திணறுகிறவர்கள் ஏதோ ஒன்றிரண்டு பேர் அல்ல. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஞ்சனா பட், ஆட்டிசம் உள்ள பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் நிரப்பிய கேள்வித்தாள்களை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார். சுமார் 87 சதவீதம் பிள்ளைகளுக்கு உடல் ஒருங்கிணைப்பில் சிக்கல் இருக்க வாய்ப்புண்டு என்று தெரிந்தது. அதற்கான பிசியோதெரபி பெற்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெற்றோர் சொன்னதை வைத்த கணக்கு, கருவியால் அளந்ததல்ல என்பது உண்மை. அதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் மிச்சம் இருப்பது சின்னத் தொகை இல்லை.

கானர் இருந்த அதே பால்டிமோரில் நடந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. பிள்ளைகள் ஒரு ரோபோக் கையின் பிடியைப் பிடித்துக்கொண்டு விளையாட வேண்டும். பிடி அவர்கள் கையை லேசாக ஒரு பக்கம் தள்ளும். சில நிமிடங்களில் கை அதை ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும். எதை நம்பிக் கற்றது, கண்ணையா, மூட்டும் தசையும் தரும் செய்தியையா என்று சோதித்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிட உடலின் உட்செய்தியையே அதிகம் நம்பினார்கள், கண்ணைக் குறைவாக நம்பினார்கள். “நான் செய்யறதைப் பார்த்து அப்படியே செய்” என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லிக்கொடுக்கும் முறை இவர்களிடம் ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. தங்கள் உடலைத் தாங்களே உணர்ந்துகொள்ளத்தான் ஆடுகிறோம், குதிக்கிறோம் என்று ஆட்டிசம் உள்ள சிலர் சொல்வதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்த ஆட்டத்தை நிறுத்துவதையே சிகிச்சை என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது, இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. 1960களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உளவியலாளர் ஐவர் லோவாஸ் பிள்ளைகளைத் திட்டியும் அறைந்தும் மின்சாரம் பாய்ச்சியும் பழக்கங்களை மாற்ற முயன்றார். 1965இல் ‘லைஃப்’ பத்திரிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. மின்சாரம் பெரும்பாலான இடங்களில் ஒழிந்தது. கையைச் சும்மா வைத்தால் மிட்டாய், ஆட்டினால் மிட்டாய் இல்லை என்ற பயிற்சி நீடித்தது. ஆட்டிசத்தோடு அந்தப் பயிற்சியில் வளர்ந்த ஜூலியா பாஸ்கம் 2011இல் அதன் வலியை எழுதியபோது, அதே அனுபவம் தங்களுக்கும் உண்டு என்று ஏராளமானோர் முன்வந்தார்கள்.

நம் பள்ளிக்கூடங்களுக்கு லோவாஸ் தேவைப்படவில்லை. கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருப்பவனே நல்ல பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தன் கவனம் முழுவதையும் செலவழித்தாக வேண்டும். பாடத்துக்கு மிச்சம் என்ன இருக்கும்? ஆட்டிசம் உள்ள முப்பத்திரண்டு பெரியவர்களிடம் ஆய்வாளர் ஸ்டீவன் கேப்பும் அவருடைய குழுவினரும் கேட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், சத்தமும் எண்ணமும் தலைக்கு மேல் போகும்போது ஸ்டிம்மிங் தங்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்று சொன்னார்கள். தாங்க முடியாத சந்தோஷத்திலும் அது வருகிறது. அதை ஒழிக்கும் சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்பதில் அழுத்தமாக இருந்தார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து மறைத்துச் செய்வதைப் பற்றியும் பேசினார்கள். பெண்பிள்ளைகள் இதில் சீக்கிரமே தேர்ந்துவிடுகிறார்கள். துப்பட்டா நுனியை மேஜைக்கு அடியில் முறுக்கிக்கொண்டிருக்கும் பெண்ணை எந்த டீச்சரும் டாக்டரிடம் அனுப்புவதில்லை. அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவதை வீட்டிலிருப்பவர்கள் மட்டுமே அறிவார்கள்.

தலையைச் சுவரில் மோதுவதும் கையைக் கடித்துப் புண்ணாக்குவதும் வேறு விஷயம். அதை அப்படியே விட முடியாது. அதிலும் கையைப் பிடித்துக் கட்டுவதற்கு முன்னால் பல் வலி இருக்கிறதா, காதில் சீழ் வைத்திருக்கிறதா, நாலு நாளாக மலம் போகவில்லையா என்று பார்த்தாக வேண்டும். வலியை வாயால் சொல்ல முடியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

அடக்காமலே கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு டொனால்டு ட்ரிப்லெட்டின் வாழ்க்கையைச் சொல்வேன். கானர் எழுதிய பதினொரு பேரில் முதலாவது பிள்ளை அவர்தான். 1933இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். சுழலக்கூடிய எதையும் சுழற்றுவார், எண்ணக்கூடிய எதையும் எண்ணுவார். பையனாக இருந்தபோது ஊருக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு விவசாயத் தம்பதியிடம் சில ஆண்டுகள் பெற்றோர் விட்டுவைத்தார்கள். சோளக் கொல்லையில் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்த பையனை அந்தத் தம்பதியர் அதட்டவில்லை. ஏரை அவன் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். 1945இல் பார்க்கப் போன கானருக்கு முன்னால் ஆறு நீண்ட சால் ஓட்டிக் காட்டினான். குதிரையையும் ஏரையும் அவன் கையாண்ட விதத்தையும், சால் முடிவில் குதிரையைத் திருப்பிய லாகவத்தையும் கண்டு வியந்து எழுதினார் கானர். உழவு தெரிந்தவர்களுக்குப் புரியும், சால் கோணாமல் ஓட்டுவதும் கடைசியில் திருப்புவதும் எவ்வளவு பெரிய ஒருங்கிணைப்பு என்று.

பின்னாளில் டொனால்டு ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாக ஊர் ஊராகப் பயணம் போனார், கோல்ஃப் ஆடினார். அந்த ஆட்டத்தை நேரில் பார்த்து அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் 2010இல் விவரித்திருக்கிறார்கள். முதலில் விரல்களை நக்கிக்கொள்வார். மட்டையை நேராகத் தலைக்கு மேல் தூக்கி அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். இறக்குவார், மறுபடி ஏற்றுவார், ஒவ்வொரு தடவையும் வேகம் கூடும். முழங்கால் மடங்காமல் பந்தை நோக்கி நகர்வார். கடைசியில் ஒரு வீச்சு, பந்து பறக்கும். எந்தப் பயிற்சியாளரும் இப்படிச் சொல்லித் தரமாட்டார். ஸ்டிம்மிங் எங்கே முடிந்து விளையாட்டு எங்கே தொடங்குகிறது என்று அந்த வீச்சைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. 2023 ஜூன் மாதம், 89 வயதில் அவர் காலமானார்.

நம் நகரங்களின் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) அறைகளில் ஊஞ்சலும் டிராம்போலினும் ஜிம் பந்தும் இருக்கின்றன. நல்லது. அங்கே காத்திருக்கும் பெற்றோர் அடுத்த முறை, கை ஆட்டுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டாம். பொத்தானைக் கேளுங்கள். முக்கால்வாசி வேலையைப் பெரியவர் செய்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுகிற முறை ஒன்று உண்டு. அது வந்ததும் அதற்கு முந்தின படியை விடுவார்கள், பிறகு அதற்கு முந்தினது. பெரிய பொத்தான் வைத்த தாத்தா சட்டையில் தொடங்கலாம். மாதங்கள் ஆகும். அதுவரை வெல்க்ரோ வைத்த ஷூவும் டி-ஷர்ட்டும் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் அல்ல.

எழுத்தும் இப்படித்தான். நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் வெளுத்துப்போகிற பிள்ளைக்குப் பதில் தெரியாமல் இல்லை. கீபோர்டில் தட்டச் சொல்லிப் பாருங்கள். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் பெற வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் போய் அலையாமல், ஆறாம் வகுப்பிலேயே சான்றிதழை வாங்கி, எழுதுபவரிடம் வாயால் சொல்லிப் பழக்க வேண்டும். சிலருக்கு உட்கார்ந்தால் பதில் வராது, நடந்தால் வரும், கையை ஆட்டினால் வரும். தேர்வு அறையில் அவன் எழுந்து நடந்துகொண்டே பதில் சொல்வான், தடுக்காதீர்கள் என்று தலைமையாசிரியர் அறைக் கண்காணிப்பாளரிடம் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.