பாட்டு நின்ற இடத்தில் பேசியவர்கள்

"டிஜேன்னா பாட்டு போடுறவர்தானே அண்ணே? ஜமைக்காவுல பாடுறவரைப் போய் ஏன் டிஜேன்னு சொல்றாங்க?" புதுச்சேரி நேரு வீதி டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார். வார இறுதி விருந்துகளில் பாட்டு போடுவதுதான் அவருக்குத் தொழில். டீ ஆறினாலும் பரவாயில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் கட்டுகிற மைக்செட்டை இன்னும் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1950-களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளுக்கு நடனமென்றால் அதுதான்; பெயர் சவுண்ட் சிஸ்டம். டியூக் ரீட், காக்ஸன் டாட் என்ற இரு முதலாளிகளுக்கு நடுவே கடும் போட்டி. அங்கே ரெக்கார்டை வைப்பவர் செலக்டர். மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை உசுப்பேற்றுபவர்தான் டிஜே. அமெரிக்க வானொலிக்காரர்களின் வேகப் பேச்சைக் கேட்டு, அதைத் தன் ஊர்ப் பேச்சாக்கிய கவுன்ட் மச்சூக்கிதான் முன்னோடி.

1960-களின் கடைசியில் ஒரு தவறு நடந்தது. ஸ்பானிஷ் டவுன் சவுண்ட் சிஸ்டக்காரர் ரட்டி ரெட்வுட்டுக்காக, டியூக் ரீடின் ஸ்டுடியோவில் பாரகன்ஸ் குழுவின் பாட்டைத் தட்டில் வெட்டியபோது குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். குரலில்லாத தட்டு நடனத்தில் ஓடியதும் கூட்டமே வாய்விட்டுப் பாடியது. வெறும் தாளத்துக்கு மவுசு வந்தது அதற்குப் பிறகுதான்.

பாடகரின் குரல் விட்டுப்போன அந்த இடைவெளிக்குள் நுழைந்த டிஜே யூ-ராய். கிங் டப்பியின் சவுண்ட் சிஸ்டத்தில் அவர் பேசுவதைக் கேட்ட பாரகன்ஸ் பாடகர் ஜான் ஹோல்ட், டியூக் ரீடிடம் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். அந்தப் பதிவுகளைக் கவனித்துக் கேளுங்கள்: பழைய பாட்டின் ஒரு வரி வரும், சட்டென நிற்கும், யூ-ராய் கூவிப் பதில் சொல்வார், மறுபடி பாட்டு எட்டிப்பார்க்கும். பாடகரும் பேச்சுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். 1970-ல் ஜமைக்கா பாட்டு வரிசையின் முதல் மூன்று இடங்களும் அவருடைய மூன்று தட்டுகளுக்கே. அதுவரை கூட்டத்தோடு கரைந்துபோன பேச்சு அன்றைக்குக் கலையாகிவிட்டது என்பேன். பெரிய குரல்வளமோ, கூடவே ஒரு வாத்தியக் குழுவோ வேண்டாம். சொல்லில் சூடும் தாளத்தில் பிடிப்பும் இருந்தால் போதும். தோல் நிறமியின்மையோடு பிறந்து, அநாதை விடுதியில் வளர்ந்து, ஊராரின் கேலியைச் சுமந்த யெல்லோமேன் அப்படித்தான் 1980-களில், டான்ஸ்ஹால் என்ற இந்த டிஜே இசையின் அரசனானார். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பக்கம் அதுதான். 1985-ல் கேசியோ கீபோர்டின் ஆயத்தத் தாளத்தை வைத்தே 'ஸ்லெங் டெங்' பாட்டு வந்தபோது, தாளத்தைப் பதிவு செய்யவும் வாத்தியக்காரர்கள் தேவைப்படவில்லை.

நமக்கும் இதில் உறவு உண்டு. ஜமைக்காவுக்கு 1845-லேயே இந்தியக் கூலிகள் போனார்கள்; 1853-ல் இதே புதுச்சேரியிலிருந்து ஒரேலி கப்பல் அதே கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவுக்கு ஆளேற்றிப் போனது. கிங்ஸ்டன் டிஜே சூப்பர் கேட் இந்திய வம்சாவளிக்காரர். பட்டப்பெயர் வைல்ட் அப்பாச்சி. அதிலிருந்தே தன் மேடைப்பெயரை எடுத்துக்கொண்டவர் பர்மிங்காம் பஞ்சாபி அப்பாச்சி இந்தியன். 1996-ல் 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் 'நோ ப்ராப்ளம்' பாட்டுக்கு இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் கூட்டிவந்தது அவரைத்தான்.

"அந்தப் பாட்டா!" என்றார் தம்பி. அதேதான். பதினோரு வருஷம் கழித்து, லண்டனில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண் மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 'பாய்ஸ்' பாட்டைத் தந்தார். அடி நம் உறுமியடி. பாட்டின் வீடியோவை எடுத்தது ஜமைக்காவில், ஆடுவது அந்த ஊர் டான்ஸ்ஹால் ஆட்டக்காரர்கள்.