ஏற்காட்டுக் கிராம்பும் ஒரு கடைவாய்ப் பல்லும்

மலைக்குப் புறப்படுகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறப்பதில்லை; புளியோதரையை மறப்பதில்லை. பல் டாக்டரின் நினைவு யாருக்கு வருகிறது? சென்ற கோடையில் எங்களுக்கும் வரவில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு சேர்ந்த அன்றிரவே, அக்காவின் பத்து வயதுப் பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

விடுதித் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாள், சேர்வராயன் மலையிலேயே பிறந்து வளர்ந்த மலையாளி இனத்தவர். (கேரளத்தை நினைத்துவிடாதீர்கள், தமிழ் பேசும் மலைவாழ் மக்களுக்கே அந்தப் பெயர்.) அவர் இரண்டு கிராம்பைக் கொண்டு வந்து, "நசுக்கிப் பல்லிலே வையுங்கம்மா" என்றார். சற்று நேரத்தில் பையன் தூங்கிப் போனான்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால் என்ற பொருள். அது நரம்பை மரத்துப் போகச் செய்கிறது. 2006-இல் குவைத்தில் சிலருடைய ஈறில் கிராம்புக் களிம்பையும், பல் டாக்டர்கள் தடவும் பென்சோகெய்ன் களிம்பையும் பூசி ஊசியால் குத்திப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலியைக் குறைத்தன. ஆனால் அங்கே பரீட்சித்தது ஊசி குத்தும் வலியை, சொத்தையை அல்ல!

காலையில் பையனுக்கு வலியே இல்லை. கன்னம் மட்டும் கொழுக்கட்டைபோல் வீங்கியிருந்தது.

"வலிதான் நின்றுவிட்டதே, இனி எதற்குச் சேலம்? பால் பல்தானே, தானே விழுந்துவிடும்" என்றாள் அக்கா. படகுச் சவாரிக்குப் பையனும் தயார். அடுத்த அறை மாமியோ, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லிலுள்ள புழு விழுந்துவிடும் என்றார்.

பல்லில் புழு இல்லை என்று பிரான்ஸ் தேசத்துப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் 1728-லேயே எழுதிவிட்டார். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் புளிக்க வைத்து உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது என்று 1890-இல் மில்லர் என்பவர் விளக்கினார். மாமியிடம் இதையெல்லாம் சொல்லிக் கொண்டிருக்கவில்லை. பையனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். ஆறு வயதையொட்டி, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. ஆகவே அதையும் பால் பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். அது போனால் வேறு முளைக்காது. சொத்தையானது அந்தப் பல்தான். வலி நின்றதற்குக் கிராம்பு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே நரம்பு செத்தாலும் வலி நிற்கும். சீழோ எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வீக்கத்தோடு காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமற் போனால், உயிருக்கே ஆபத்து.

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆயினும் காரில் ஏறினாள். இருபது வளைவுகளிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சேலத்தில் டாக்டர் பல்லைத் துளைத்ததும் சீழ் வெளிவந்தது. "நாளைக்கென்று விட்டிருந்தால் தாடைக்குக் கீழே இறங்கியிருக்கும்" என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சீழை வடித்து, மருந்து வைத்து, வெள்ளைப் பசை ஒன்றால் பல்லை அடைத்தபோது பையன் மூக்கை உறிஞ்சினான்.

"சித்தி, இங்கேயும் கிராம்பா?"

அவன் மூக்கு பொய் சொல்லவில்லை. துத்தநாக ஆக்ஸைடுப் பொடியை யூஜினாலில் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லடைப்பது நெடுநாளைய வழக்கம். பல் ஆஸ்பத்திரிகளுக்கென்றே ஒரு வாசனை உண்டல்லவா? அதில் பாதி கிராம்புதான்!

மறுபடி மலையேறியதும் அக்கா கடைவீதியில் யூகலிப்டஸ் தைலம் இரண்டு புட்டி வாங்கினாள். சளிக்கு ஆவி பிடிக்கப் பெரியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் குழந்தை ஒரு தேக்கரண்டி விழுங்கினாலும் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். கற்பூரத் தைலமும் அப்படியே. கிராம்புத் தைலத்தையும் அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். சிறு குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது.

புட்டிகள் இப்போது அக்கா வீட்டு அலமாரியின் உச்சித் தட்டில், பூட்டுக்குள் இருக்கின்றன. பையனுக்கு வேர் சிகிச்சை முடிந்து, பல்லுக்கு மேல் ஒரு தொப்பியும் போட்டாகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறான்.