பத்துப் பிள்ளைகளும் பதினைந்து பெற்றோரும்

“தம்பி, மகளுக்கு நாலாம் பாரம் வருது. பயாலஜியோட தமிழ் இலக்கியமும் எடுக்கணுமாம். தாதியாகப் போறவளுக்கு இலக்கியம் எதுக்குப்பா?”

லாபு பக்கத்திலிருந்து ஓர் அக்கா என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைத்துக் கேட்டார். கணவருக்குத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வேலை. ஒரு பாடம் கூடினால் டியூஷன் செலவும் கூடும். நியாயமான கவலைதான். நேரலையில் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் எவ்வளவு படித்தார்கள்? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது. ஆனால், பல இடங்களில் எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற அளவில் படிப்பு நின்றுபோனது. பால்மரம் வெட்ட அது போதும் என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, அந்த ஒரு வேலையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் திண்டாடின.

ஒரே வேலையைக் குறிவைத்துப் பிள்ளையின் பாடங்களைக் குறுக்கினால், அதே தவற்றை நாமே செய்கிறோம்.

தாதிக்கு உயிரியல் தேவை, சந்தேகமில்லை. ஆனால், வலியை நேராகச் சொல்லத் தெரியாத ஒரு பாட்டி கட்டிலில் படுத்திருப்பார். அவர் சொல்வதற்குள் இருக்கும் சொல்லாததைக் கேட்க இலக்கியம் பழக்கும். என் கதையும் அதுதான். மைக் முன் எப்படிப் பேசுவது என்பதை ஊடகப் படிப்பு கற்றுத் தந்தது. என்ன பேசுவது என்பதற்குப் பள்ளியில் படித்த வரலாறும் புவியியலும் இன்றும் கைகொடுக்கின்றன.

நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிளவு 2020இல் நீங்கியது. பள்ளி வழங்கும் பாடங்களைப் பொறுத்து இரண்டையும் கலந்து எடுக்கலாம். மேற்படிப்புக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு, மகளுக்குப் பிடித்த ஒன்றுக்கு இடம் கொடுங்கள். எஸ்.பி.எம்.மில் பாடங்களை அடுக்கி ‘ஏ’ எண்ணுவதைச் சொல்லவில்லை, அது வேறு.

பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். மொழி வகுப்பே இல்லாவிட்டால் இலக்கியத்தைப் பற்றிப் பேச இடமேது? அன்று பத்துப் பிள்ளைகளை எண்ணியது நிர்வாகம். இன்று எண்ண வேண்டியது நாம்.

அக்கா, மகளின் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் இன்னும் பதினான்கு பெற்றோரைத் தேடுங்கள்.